டான்ஸ் ஆடும் லூன் பறவை... அந்த போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் பயம்! - பார்க்க, படமெடுக்க ஒரு கம்ப்ளீட் கைடு

கனடாவிலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது ஊருக்கு வந்தால், அவர்களிடம் ஒரு டாலர் காசு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பொன்னிறத்தில், 11 பக்கங்களோடு ஒரு நாணயத்தை எடுத்து நீட்டுவார்கள். ஒரு பக்கம் ராணி அல்லது ராஜா. திருப்பினால், ஏரியில் மிதக்கிற ஒரு பறவை. அதுதான் லூன். அந்தப் பறவையால்தான் நாணயத்துக்கே ‘லூனி’ என்று பெயர் வந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. அந்த நாணயத்தில் முதலில் வரவேண்டியது லூன் இல்லை, படகு ஓட்டிகளின் படம். 1986-ல் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்குக்கு அனுப்பிய அச்சுகள் வழியிலேயே காணாமல் போய்விட்டன. யாராவது கள்ள நாணயம் அடித்துவிடுவார்களோ என்று பயந்து டிசைனையே மாற்றினார்கள். 1987-ல் லூன் உள்ளே வந்தது. இன்றைக்கு கனடாக்காரர்கள் எல்லோருடைய பாக்கெட்டிலும் அது இருக்கிறது.

பாக்கெட்டில் இருக்கிற பறவையை நேரில் பார்க்க ஆசை வருமா, வராதா? டொரொன்டோவில் வசிக்கும் நம் ஆட்களுக்கு அது எட்டாத தூரமும் இல்லை. சுமார் மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் அல்கான்குவின் பார்க். படகு வாடகைக்கு எடுத்து, அதிகாலைப் பனிமூட்டத்துக்குள் மெதுவாகத் துடுப்பு போட்டால் லூனைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. கையில் போனோ கேமராவோ இருந்தால் க்ளிக் பண்ணாமல் யார் இருப்பார்கள்?

பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது. லூன் போட்டோக்களில் அதிக லைக்ஸ் அள்ளுகிற ஒரு போஸ் உண்டு. தண்ணீர் மேல் நேராக எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, காலால் நீரைச் சிதறடித்து ‘டான்ஸ்’ ஆடும் போஸ். ‘பென்குயின் டான்ஸ்’ என்றே அதற்குப் பெயர். பார்க்க செமயா இருக்கும். ஆனால், அந்த நேரத்தில் அந்தப் பறவை உயிர்பயத்தில் இருக்கிறது. பெரும்பாலும் பக்கத்தில் குஞ்சு இருக்கும். எதிரில் கழுகோ, எதிரி லூனோ... அல்லது போட்டோ எடுக்க ரொம்பவே நெருங்கிவிட்ட ஒரு படகோ!

அதனால், லூனைப் படமெடுக்க லென்ஸை விட முக்கியமாகத் தேவைப்படுவது, அதன் பாஷை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில், யார் இந்த லூன்?

லூன் குடும்பத்தில் மொத்தம் 5 இனங்கள். நாணயத்தில் இருப்பதும், நாம் இங்கே பேசுவதும் ‘காமன் லூன்’. கனடா, அலாஸ்கா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய இடங்களில் உள்ள நன்னீர் ஏரிகளில் இனப்பெருக்கம் செய்யும். மின்னசோட்டாவின் மாநிலப் பறவை இது. ஒன்டாரியோவின் மாகாணப் பறவையும் இதுதான்.

கோடைக்கால லூனை அடையாளம் காண்பது சுலபம். கறுப்புத் தலை, கத்தி மாதிரி அலகு, ரத்தச் சிவப்பில் கண்கள், கழுத்தில் வெள்ளைக் கோடுகள், முதுகு முழுக்கச் சதுரங்கப் பலகை மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஆண், பெண் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆண் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

இது உடம்பு முழுக்க டைவிங்குக்காகவே செய்த பறவை. பெரும்பாலான பறவைகளின் எலும்புகளுக்குள் வெற்றிடம் இருக்கும். லூனுக்குப் பல எலும்புகள் கெட்டியானவை. அதனால் சிரமமில்லாமல் மூழ்கும். சுமார் 60 மீட்டர் ஆழம் வரைகூடப் போகும். கால்கள் உடம்பின் கடைசியில், வால் பக்கம் இருக்கின்றன. தண்ணீருக்குள் அது மோட்டார்; தரையில் பெரிய தொல்லை. நடக்கவே தடுமாறும். அதனால் இணை சேரவும், கூட்டுக்காகவும் மட்டும்தான் கரை ஏறும்.

பறப்பதற்கும் ‘ரன்வே’ வேண்டும். சிறகை அடித்துக்கொண்டு தண்ணீர் மேல் ஓடி ஓடித்தான் மேலே கிளம்பும். காற்றைப் பொறுத்து 30 மீட்டரில் தொடங்கி 400 மீட்டர் வரைகூட ஓட வேண்டியிருக்கும். மேலே ஏறிவிட்டால் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். மழையில் நனைந்து மின்னும் ரோட்டையும் பார்க்கிங் ஏரியாவையும் தண்ணீர் என்று நினைத்து இறங்கிவிடுகிற லூன்கள் உண்டு. அங்கிருந்து கிளம்ப வழியில்லாமல், யாராவது வந்து தூக்கிப் போய் ஏரியில் விடும்வரை அப்படியே கிடக்கும்.

ஒரு லூனின் ஒரு வருஷம்

எப்போது போனால் எதைப் பார்க்கலாம் என்பதற்கு இந்த டைம்லைன் உதவும்.

ஏப்ரல் - மே: ஏரியில் பனிக்கட்டி உருகியதும் லூன்கள் வந்து இறங்கும். பெரும்பாலும் ஆண் முதலில் வந்து இடத்தைப் பிடிக்கும். போன வருஷம் இருந்த அதே ஏரிக்கே திரும்பும்.

‘லூன்கள் ஆயுளுக்கும் ஒரே ஜோடி’ என்று ஒரு காதல் கதை உலவுகிறது. அதை நம்பாதீர்கள். விஸ்கான்சின் ஏரிகளில் 1993 முதல் லூன்களை ஆராய்ந்துவரும் வால்டர் பைப்பரின் குழு கண்டுபிடித்தது வேறு. லூனுக்குத் துணையை விட இடம்தான் முக்கியம். வெளியிலிருந்து வரும் ஒரு லூன் சண்டை போட்டு ஜெயித்தால், ஏரியும் ஜோடியும் அதற்கே. ஆண் லூன்களுக்கு இடையே ஏரிக்காக நடக்கும் இந்தச் சண்டைகளில் ஏறக்குறைய 30 சதவிகிதம், ஒன்றின் மரணத்தில் முடிகிறது. மிச்சிகனில் உள்ள செனி வனவிலங்குப் புகலிடத்தில் 25 வருஷம் சேர்ந்து வாழ்ந்து புகழ்பெற்ற ஜோடிகூட 2022-ல் பிரிந்தது.

மே - ஜூன்: தண்ணீரை ஒட்டியே கூடு கட்டும். வழக்கமாக 2 முட்டைகள். அம்மா, அப்பா இருவரும் ஷிஃப்ட் போட்டு சுமார் 4 வாரம் அடைகாப்பார்கள்.

ஜூன் - ஜூலை: குஞ்சு வரும் சீசன். பொரித்த முதல் நாளே நீந்தும். ஆனால், குளிருக்கும் எதிரிக்கும் பயந்து முதல் இரண்டு வாரம் அடிக்கடி அம்மா, அப்பா முதுகில்தான் சவாரி. கீழே பெரிய மீன்களும் ஆமைகளும் இருக்கின்றன. மேலே கழுகு. 2019-ல் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஓர் ஏரியில் ஒரு வெண்தலைக் கழுகு இறந்து மிதந்தது. பக்கத்தில் ஒரு லூன் குஞ்சும் இறந்து கிடந்தது. பரிசோதித்தபோதுதான் தெரிந்தது, ஒரு லூனின் அலகு நேராகக் கழுகின் இதயத்தில் பாய்ந்திருக்கிறது! இந்த அலகுக்கு அவ்வளவு பலம்.

ஆகஸ்ட் - நவம்பர்: குஞ்சுகள் 11 வாரம் போல ஆனதும் பறக்கப் பழகும். அதன் பிறகு நடப்பதுதான் ஆச்சர்யம். பெரியவர்கள் முதலில் கிளம்பிப் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஏரியிலேயே சில வாரம் தனியாக இருந்து, பனி உறைவதற்குள் தாங்களாகவே கடலுக்கு வழி கண்டுபிடித்துப் போகும். யாரும் கூட்டிப்போவதில்லை. அப்படிப் போகிற பிள்ளை, சொந்த ஏரிப் பக்கம் திரும்பி வர இரண்டு, மூன்று வருஷம் ஆகும்.

குளிர்காலம்: கடலோரம். கறுப்பு வெள்ளை டிரஸ்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு மங்கலான சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். இறக்கைச் சிறகுகளை மொத்தமாக உதிர்ப்பதால் சில வாரம் பறக்கவே முடியாது. கடல்நீரில் வாழ, உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றக் கண்ணுக்கு மேலே தனிச் சுரப்பி இருக்கிறது.

நாலு குரல்... நாலு அர்த்தம்!

லூன் சத்தத்தை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஹாலிவுட் படங்களில் ராத்திரி, காடு, மர்மம் என்று ஒரு சீன் வந்தால் பின்னால் ஒரு ஊளை கேட்குமே, பல நேரம் அது லூன். லூனே இல்லாத நாட்டுக் காடுகளில்கூட அது கூவும்! 1989-ல் வந்த 808 ஸ்டேட் குழுவின் ‘பசிஃபிக் ஸ்டேட்’ என்ற எலெக்ட்ரானிக் ட்ராக்கிலும் லூன் குரல்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஏரியில் கேட்கும்போது இந்த நாலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஹூட்: சின்னதாக, மெதுவாக ஒரு ‘ஹூ’. குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது. இது கேட்டால் எல்லாம் நலம்.

வெய்ல்: ஓநாய் ஊளை மாதிரி நீண்ட குரல். ‘நான் இங்கே இருக்கேன், நீ எங்கே?’ என்று தூரத்தில் இருக்கும் துணையைக் கூப்பிடுவது. ராத்திரியில் ஏரி முழுக்க எதிரொலிக்கும்.

ட்ரெமொலோ: நடுங்கும் குரலில் சிரிப்பது மாதிரி இருக்கும். இதைக் கேட்டு நாமும் சிரித்துவிடுவோம். ஆனால், இது அலாரம். பறக்கும்போதும் இந்தக் குரலைக் கொடுக்கும். மிதந்துகொண்டு உங்களைப் பார்த்து இப்படிக் கூவினால், ‘தள்ளிப் போ’ என்று அர்த்தம்.

யோடெல்: ஆண் மட்டும் எழுப்பும் குரல். கழுத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு நீட்டி, ஏறி இறங்கும் ராகத்தில் கத்தும். ‘இது என் ஏரியா’ என்ற எச்சரிக்கை. ஒவ்வொரு ஆணுக்கும் தனித்தனி யோடெல் உண்டு. வேறு ஏரிக்குக் குடிபோனால் ராகத்தையும் மாற்றிக்கொள்ளும். குரல் எவ்வளவு கனமாக இருக்கிறதோ, அந்த ஆணும் அவ்வளவு வெயிட்டான ஆள்!

எது நார்மல்... எது பயம்?

கேமராவைத் தூக்கும் முன் இந்த லிஸ்ட்டை மனசில் வையுங்கள்.

கவலையே வேண்டாம்:

* முகத்தை மட்டும் தண்ணீருக்குள் விட்டு நீந்துவது. மீன் தேடுகிறது.
* பக்கவாட்டில் சாய்ந்து ஒரு காலை வெளியே நீட்டி உதறுவது. அடிபட்டுவிட்டது என்று பலர் பதறுவார்கள். அது சும்மா சோம்பல் முறிக்கிற மாதிரிதான்.
* இறகு கோதி முடித்ததும் எழுந்து இரண்டு, மூன்று முறை சிறகடித்துவிட்டு உட்கார்வது. நல்ல போட்டோவுக்கு இதுதான் சரியான தருணம்.

உடனே விலகுங்கள்:

* கூட்டில் இருக்கும் லூன் தலையையும் கழுத்தையும் தாழ்த்தித் தரையோடு தரையாகப் படுப்பது. தூங்குகிற மாதிரி இருக்கும். உண்மையில் உங்களிடமிருந்து ஒளிகிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் கூட்டை விட்டு இறங்கிவிடும்.
* உங்களைப் பார்த்து ட்ரெமொலோ அல்லது யோடெல் எழுப்புவது.
* பென்குயின் டான்ஸ். சிறகடிப்பு சில நொடியில் முடியும். இது முடியாமல் நீளும். கால் வேகமாகத் துடுப்பு போட்டபடியே இருக்கும்.
* நீங்கள் போகும் திசைக்கு எதிரே திரும்பத் திரும்ப முங்கி எழுவது.

கூட்டை விட்டு லூன் இறங்கினால் என்ன ஆகும்? முட்டைகள் குளிரில் விறைக்கலாம், வெயிலில் வேகலாம். கடற்புறாவும் காக்கையும் ரக்கூனும் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. சில நிமிடங்கள் போதும். இங்கே ஒரு கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். லூன் எண்ணிக்கை குறையாமல் இருக்க, வருஷத்துக்கு ஒரு ஜோடிக்குச் சராசரியாக 0.48 குஞ்சு பிழைத்து வளர வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதாவது, இரண்டு ஜோடிக்கு ஒரு பிள்ளை. முதன்முதலாக இனப்பெருக்கம் செய்யவே ஒரு லூனுக்கு ஆறு வயதுபோல ஆகிவிடும். இவ்வளவு நிதானமாகப் பெருகும் பறவைக்கு, நம் ஒரு போட்டோவால் கலையும் ஒரு கூடு என்பது சின்ன நஷ்டம் இல்லை.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு...

தூரம்: குறைந்தது 150 அடி, அதாவது சுமார் 45 மீட்டர். நியூ ஹாம்ப்ஷயரில் 1975 முதல் இயங்கும் லூன் பாதுகாப்புக் குழு சொல்லும் அளவு இது. கூடு இருந்தால் இன்னும் தள்ளியே இருங்கள். அந்தத் தூரத்துக்கு 400 முதல் 600 எம்எம் லென்ஸ் சரியாக இருக்கும்.

உயரம்: கேமரா எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கரையில் நின்று கீழே பார்த்து எடுத்தால் பறவை தண்ணீரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கும். கயாக்கில் உட்கார்ந்து நீர்மட்டத்தில் எடுத்தால் பின்னணி மங்கி, லூன் தனியாக எழுந்து நிற்கும்.

வெளிச்சம்: சூரியன் உதித்ததிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் பொக்கிஷம். காற்று இருக்காது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கோடை முடியும் சமயத்தில் பனிமூட்டமும் இலவசம். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து லூன் முகத்தில் விழட்டும். அப்போதுதான் கண்ணின் சிவப்பும், கறுப்புத் தலையில் ஒளிந்திருக்கும் பச்சை மினுமினுப்பும் தெரியும். இல்லாவிட்டால் தலை வெறும் கறுப்புப் பந்து.

எக்ஸ்போஷர்: கறுப்பும் வெள்ளையும் ஒரே உடம்பில் இருப்பதால் கேமரா குழம்பும். கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, நெஞ்சின் வெள்ளையை வெளுத்துவிடும். அப்படிப் போன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை குறைத்து, ‘ரா’ ஃபார்மேட்டில் எடுங்கள். கறுப்பில் இருக்கும் டீட்டெயிலை எடிட்டிங்கில் மீட்டுவிடலாம்.

ஷட்டர்: மிதக்கும் லூனுக்கு 1/1000 விநாடி போதும். சிறகடிப்புக்கும் ‘டேக் ஆஃப்’புக்கும் 1/2000 வேண்டும்.

பொறுமை: லூன் முங்கிவிட்டால் துரத்தாதீர்கள். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துவிடும். துடுப்பை வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். சில சமயம் அதுவே உங்கள் பக்கத்தில் வந்து எழும். நீங்கள் நெருங்குவது வேறு, அது நெருங்குவது வேறு. அப்படி வந்தால், அது போகும்வரை அசையாமல் ரசியுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கா? நோ ப்ராப்ளம்!

45 மீட்டர் தூரத்தில் போன் ஜூமுக்கு லூன் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியைப் பெரிதாக்கக் கிட்டே போகாதீர்கள். ஏரி, பனி, பைன் மரங்கள், நடுவில் ஒரு சின்ன லூன் என்று அகலமாக எடுங்கள். அந்த போட்டோவில்தான் அது வாழும் இடமும் இருக்கும். பைனாக்குலர் கண்ணாடியில் போன் லென்ஸை ஒட்டி வைத்து எடுப்பது இன்னொரு வழி.

அதை விட நல்ல ஐடியா, சத்தத்தைப் பிடியுங்கள். ராத்திரி கரையில் உட்கார்ந்து வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்கள். ஒரு வெய்ல், அதற்கு தூரத்து ஏரியிலிருந்து ஒரு பதில். எந்த 600 எம்எம் லென்ஸும் தராத அனுபவம் அது.

செய்யக்கூடாதவை மூன்று. லூன் குரலை போனில் ப்ளே பண்ணிக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று சண்டைக்குத் தயாராகி, அடைகாப்பதை விட்டுவிடும். ட்ரோன் வேண்டாம், மேலே வருவது எதுவாக இருந்தாலும் அதற்குக் கழுகுதான். கூடு இருக்கும் இடத்தை லொகேஷனோடு ஸ்டோரி போடாதீர்கள். நீங்கள் ஒரு படகில் போனீர்கள், அடுத்த நாள் பத்து படகு போகும்.

போட்டோவில் தெரியாத ஆபத்துகள்

நியூ ஹாம்ப்ஷயரில் வளர்ந்த லூன்களைக் கொல்லும் முக்கியக் காரணம் எது தெரியுமா? தூண்டிலில் மாட்டும் ஈயக்குண்டு. மீனைச் செரிக்க லூன் சின்னக் கூழாங்கற்களை விழுங்கும். ஏரி அடியில் கிடக்கும் ஈயக்குண்டையும் கல் என்று விழுங்கிவிடும். அறுந்த தூண்டிலோடு திரியும் மீன் வழியாகவும் அது வயிற்றுக்குள் போகும். ஒரே ஒரு குண்டு போதும், சில வாரத்தில் பறவை செத்துவிடும். அதனால் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராமும் அதற்குக் கீழேயும் உள்ள ஈயக்குண்டுகளை விற்க அங்கே 2016 முதல் தடை. மீன் பிடிக்கப் போகிறவர்கள் டின், டங்ஸ்டன், ஸ்டீல் குண்டுகளைக் கேட்டு வாங்கலாம். கரையில் கிடக்கும் நரம்புகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வரலாம்.

இன்னொன்று, தெளிவான தண்ணீர். லூன் கண்ணால் பார்த்துத்தான் மீன் பிடிக்கும். ஒரு ஜோடியும் இரண்டு குஞ்சுகளும் சேர்ந்து 15 வாரத்தில் சுமார் அரை டன் மீன் சாப்பிடும் என்கிறது ஒரு கணிப்பு. கனமழை அடித்துக்கொண்டுவரும் மண்ணும் கழிவும் ஏரியைக் கலக்கினால், அந்தப் பசிக்கு மீன் பிடிக்க முடியாது; குஞ்சுகளின் எடை குறைகிறது. விஸ்கான்சினில் இதையும் அளந்து பார்த்துவிட்டார்கள்.

மெய்ன் மாநிலத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. 1983 முதல் வருஷா வருஷம் ஜூலை மாத மூன்றாவது சனிக்கிழமை, காலை 7 மணி முதல் 7.30 வரை, நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஒரே நேரத்தில் தங்கள் ஏரியில் லூன்களை எண்ணுவார்கள். அரை மணி நேரம்தான். கையில் ஒரு பைனாக்குலரும் பேப்பரும். லூனை ‘பார்ப்பது’ என்றால் என்ன என்பதற்கு இதை விட நல்ல பாடம் கிடையாது.

கனடா போக முடியாதவர்களுக்கு...

நம்மூர்க் குளத்தில் லூன் இல்லை. ஆனால், முக்குளிப்பான் இருக்கிறது. வேறு குடும்பம்தான் என்றாலும் பழக்கம் கிட்டத்தட்ட அதே. கால்கள் உடம்பின் கடைசியில். சட்டென்று முங்கி எங்கேயோ எழும். குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். கண்மாயிலோ ஏரியிலோ ஒரு காலை நேரம் கரையில் உட்கார்ந்து அதைக் கவனித்துப் பாருங்கள். எவ்வளவு தூரத்தில் இருந்தால் அது உங்களைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்க்கிறது என்பதைப் பழகிக்கொள்ளுங்கள்.

அந்தத் தூரம் பிடிபட்டுவிட்டால், பிறகு எந்த ஊர் ஏரிக்கும் போகலாம். குஞ்சு முதுகில் தூங்க, அம்மா இறகு கோத, அப்பா மீன் கொண்டுவர... நீங்கள் அங்கே இருப்பதே தெரியாமல் எடுத்த ஒரு போட்டோ. அதற்கு லைக்ஸ் கொஞ்சம் குறையலாம். ஆனால், அடுத்த வருஷம் அதே ஏரிக்குப் போகும்போது எடுக்க ஒரு லூன் இருக்கும்.